பட்டியலில் காணாமற்போன யந்திரங்கள்

ஒரு வேலைக்கு ஒரு கணிப்பொறி என்பது முற்காலத்து ஏற்பாடு. சம்பளப் பட்டியல் தயாரிக்க ஒன்று, நிலப் பதிவேட்டுக்கு ஒன்று, தபால்களைப் பதிந்து அனுப்ப ஒன்று எனத் தனித்தனிப் பெட்டிகள் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் சக்தியில் ஒரு சிறு பகுதியையே உபயோகித்து, மீதிப் பொழுதைச் சும்மா கழித்தது. இன்று பல காரியாலயங்களிலும் கல்லூரிகளிலும் ஒரே பெரிய சர்வருக்குள் பத்து, இருபது ‘மெய்நிகர் யந்திரங்கள்’ குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி நினைவகம், தனி வட்டு, தனி முகவரி ஆகியவற்றை உடையதாகவே நடந்துகொள்கிறது. ஆயினும் அதனைக் கையால் தொட்டுக் காட்ட இயலாது. அது உண்டு என்பதற்கு நிர்வாகியின் கண்முன் உள்ள ஒரே சாட்சி, திரையில் தோன்றும் பெயர்ப் பட்டியலே. அப்பட்டியல் ஒரு நாள் வெறுமையாய்த் தோன்றினால் உள்ளம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களே, பெரும்பாலும், மூலக் கோளாற்றைவிடப் பெருந் தீங்கை விளைவிக்கின்றன.

இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே ஒரு பெரிய கணிப்பொறியைப் பல யந்திரங்களாகப் பகுத்துக் காட்டும் சோதனைகளை நடத்தி, 1972-இல் ‘விஎம்/370’ என்ற பெயரில் அதனை வெளியிட்டனர். சிறிய சர்வர்களுக்கு இவ்வித்தையைக் கொண்டுவந்ததில் 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து ஆளுவதற்கான அதன் நிர்வாக மென்பொருள் 2003-இல் ‘வர்ச்சுவல்சென்டர்’ என்ற பெயருடன் வந்து, பின்னர் ‘விசென்டர்’ ஆயிற்று. நம் நாட்டில், மத்திய சர்க்கார் ‘மேகராஜ்’ என்னும் மேகக்கணிமைத் திட்டத்தை 2014-இல் தொடங்கியது முதல், இத்தகைய ஏற்பாடுகள் தலைநகரங்களுக்கு அப்பாலும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. விசென்டரையே முதன்மையாக வைத்து இங்கு விஷயம் விளக்கப்படுகிறது. ஏனைய மென்பொருள்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜில்லாக் காரியாலயத்தில் மூன்று சர்வர்கள். அவற்றுள் பதினான்கு மெய்நிகர் யந்திரங்கள். திங்கட்கிழமை காலை பொறுப்புச் சிப்பந்தி தம் கணக்கில் நுழைகிறார். திரையின் இடப்புறத்தில் காரியாலயத்தின் பெயர் இருக்கிறது; அதன்கீழ் சோதனைக்கென எப்போதோ திறந்துவைத்த ஒரு காலி உறை இருக்கிறது; வேறொன்றும் இல்லை. பதினான்கு யந்திரங்களும், மூன்று சர்வர்களுங்கூடக் காணவில்லை. அருகிலிருப்பவர், “வெள்ளிக்கிழமை எடுத்த காப்பு நகல் இருக்கிறதே, அதை மீட்டுவிடலாம்” என்று யோசனை சொல்கிறார். சனிக்கிழமை முழுவதும் அமர்ந்து ஆசிரியர்களின் நிலுவைச் சம்பளக் கணக்கு பதியப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறியார்.

அந்தச் சமயத்தில் அடுத்த அறையில் ஒரு குமாஸ்தா அதே சம்பளக் கணக்கைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். இந்த ஒரு செய்தியிலேயே நோயின் பாதி விளங்கிவிடும். யந்திரம் ஓடுகிறது, அதைப் பற்றிய பட்டியல்தான் தோன்றவில்லை.

பட்டியல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு தொலைந்தால் மாணவர்கள் தொலைந்துவிட்டார்கள் என்று எந்த ஆசிரியரும் எண்ணார். இங்கும் அவ்வாறே. மெய்நிகர் யந்திரம் என்பது உண்மையில் ஒரு கோப்புறை. அதனுள் யந்திரத்தின் அமைப்பைக் கூறும் ‘விஎம்எக்ஸ்’ என்னும் சிறிய எழுத்துக் கோப்பும், அதன் வட்டாகப் பயன்படும் ‘விஎம்டிகே’ என்னும் பெரிய கோப்புகளும் உள்ளன. இக்கோப்புறை ‘டேட்டாஸ்டோர்’ எனப்படும் சேமிப்புக் கிடங்கில் இருக்கிறது. பொருள் அதுவே.

மற்றவையெல்லாம் பொருளைப் பற்றிய குறிப்புகள். ஒவ்வொரு ஹோஸ்டும், அதாவது யந்திரங்களைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு சர்வரும், தன்னிடம் பதிவான யந்திரங்களின் குறிப்பு ஒன்றைத் தானே வைத்திருக்கிறது. எல்லா ஹோஸ்டுகளையும் ஆளும் விசென்டர், தன் தரவுத்தளத்தில் இன்னொரு பெரிய குறிப்பை வைத்திருக்கிறது. அதனை எடுத்துப் படம்போல் விரித்துக் காட்டுவது திரை. ஆகப் பொருள் ஒன்று, குறிப்புகள் இரண்டு, தோற்றம் ஒன்று. தோற்றத்தில் பிழை நேர்ந்தால் பொருளின்மேல் கைவைப்பது மடமை. எந்த அடுக்கில் பிழை என்று காண்பதே முதற்காரியம்.

விசென்டர் அடியோடு நின்றுபோனாலும் மெய்நிகர் யந்திரங்கள் நிற்பதில்லை. ஒரு ஹோஸ்டு பழுதானால் அதிலிருந்த யந்திரங்களை வேறு ஹோஸ்டில் மறுபடி தொடங்கிவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடும், முன்னரே அமைக்கப்பட்டிருந்தால், விசென்டரை எதிர்பாராமல் ஹோஸ்டுகளுக்குள்ளேயே இயங்கும். ஓடும் யந்திரத்தை ஒரு ஹோஸ்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும், பாரத்தைச் சமன்செய்வதுமே தடைப்படும். எனவே சில மணி நேரம் நிதானமாக ஆராய்வதற்கு அவகாசம் உண்டு. அவசரம் என்பது பெரும்பாலும் பார்ப்பவரின் மனத்திலேதான் இருக்கிறது.

கேட்பவர் யார்?

பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாகத் தோன்றுவதில்லை. விசென்டரில் அனுமதி என்பது மூன்று உறுப்புகளால் ஆனது: ஒரு பொருள், ஒரு பயனர் அல்லது குழு, அவருக்குரிய அதிகார அளவு. எந்தப் பொருளின்மீது ஒருவருக்கு அனுமதி இல்லையோ அந்தப் பொருள் அவர் திரையில் மங்கலாகவோ பூட்டிய நிலையிலோ தோன்றாது. இல்லவே இல்லாததுபோல் மறைந்துவிடும். வாயிற்காவலன் “அனுமதியில்லை” என்று சொல்வது ஒரு வகை. “இங்கே அப்படி ஒரு வீடே இல்லை” என்று சொல்வது மற்றொரு வகை. இம்மென்பொருள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்தப் பொருளின்மீதும் அனுமதியில்லாதவரைப் பிற்காலப் பதிப்புகள் வாயிலிலேயே தடுத்துக் காரணத்தையும் கூறிவிடுகின்றன. ஆனால் ஏதேனும் ஒரு மூலையில் சிறிது அனுமதி எஞ்சியிருப்பவர் உள்ளே நுழைந்துவிடுவார். அந்த மூலையை மட்டும் காண்பார். மேற்கூறிய சிப்பந்தி கண்ட காலி உறை அத்தகையதே.

ஆகவே முதற்சோதனை, வேறொரு கணக்கில் நுழைந்து பார்ப்பது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர் அட் விஸ்ஃபியர் டாட் லோக்கல்’ என்ற மூலக் கணக்கு இதற்கென்றே உள்ளது. அதன் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் வைத்திருக்கும் வழக்கம் பாராட்டத்தக்கது. அக்கணக்கில் எல்லா யந்திரங்களும் தோன்றினால் கோளாறு அனுமதியில்தான். யந்திரங்களைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

அனுமதி எவ்வாறு தானே மறையும் என்ற ஐயம் எழலாம். பெரும்பாலான காரியாலயங்களில் பயனர் பெயர்களை விசென்டர் வைத்திருப்பதில்லை. ‘ஆக்டிவ் டைரக்டரி’ போன்ற பொதுப் பெயரகத்திலிருந்து பெறுகிறது. தான் அனுமதி அளித்துள்ள பெயர்கள் அங்கு இன்னும் உள்ளனவா என்று அது இடைவிடாமல் சரிபார்த்து வருகிறது. வழக்கமான இடைவெளி 1,440 நிமிஷங்கள், அதாவது ஒரு முழு நாள். ஒரு பெயர் அங்கே இல்லையெனில், அப்பெயருக்குரிய அனுமதியை விசென்டர் நீக்கிவிடும். பெயரை மாற்றினாலும் பழைய பெயர் இல்லாததாகவே கொள்ளப்படும். பெயரகத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒருவர் சனிக்கிழமை ஒரு குழுவின் பெயரைத் திருத்தினால், அதன் விளைவு உடனே தெரியாது. ஒரு நாள் கழித்து, வேறோர் இடத்தில், வேறொருவர் திரையில் தெரியும். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே பலரை ஏமாற்றுகிறது.

அனுமதி அளிக்கும்போது, கீழுள்ள பொருள்களுக்கும் அது பரவுக என்று குறிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதனைக் குறிக்கத் தவறினால் மேலேயுள்ள பெயர் மட்டும் தெரியும். அடியில் ஒன்றும் தெரியாது. இன்னொரு நுட்பமும் உண்டு. மேல்நிலையில் ஒருவருக்கு முழு அதிகாரம் இருந்தாலும், கீழ்நிலையில் உள்ள ஓர் உறையில் அவருக்கோ அவருடைய குழுவுக்கோ ‘அணுக்கம் இல்லை’ என்று எழுதியிருந்தால், அவ்வுறையைப் பொறுத்தவரை கீழ்நிலை விதியே செல்லும். சில யந்திரங்கள் மட்டும் மறைந்திருக்கும்போது இதனைத் தேடல் வேண்டும்.

2012-இல் வெளியான 5.1 பதிப்பில் ஒற்றை நுழைவு முறை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அப்பொழுது நுழைவை ஆளும் அதிகாரி வேறு, யந்திரங்களை ஆளும் அதிகாரி வேறு என்ற பாகுபாடு தோன்றியது. பழைய பதிப்பிலிருந்து மாறியவர்கள் உயர்ந்த அதிகாரியின் கணக்கிலேயே நுழைந்தும் வெறும் பட்டியலைக் கண்டு திகைத்தனர். சாவிக்கொத்தை வைத்திருப்பவருக்கு அறைக்குள் செல்லும் உரிமை எழுதப்படவில்லை என்பதே அதன் காரணம்.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் லினக்ஸ் உபயோகிக்கும் ஆசிரியர்களுக்கு இதே அனுபவம் சிறிய அளவில் நேரும். அங்குள்ள ‘லிப்விர்ட்’ மென்பொருளில், கணிப்பொறி முழுமைக்கும் பொதுவான இணைப்பு ஒன்றும், தனிப்பயனருக்குரிய இணைப்பு ஒன்றும் உள்ளன. ஒன்றில் உருவாக்கிய யந்திரம் மற்றதில் தோன்றாது. மேலும், ‘விர்ஷ் லிஸ்ட்’ என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் யந்திரங்களை மட்டுமே கூறும். நிறுத்திவைத்தவற்றையும் காண ‘ஆல்’ என்ற குறிப்பைச் சேர்த்தல் வேண்டும். மாணவர் ஒருவர் “என் யந்திரம் அழிந்துவிட்டது” என்று வந்து நின்றால் இவ்விரண்டையும் பார்ப்பது நலம். விண்டோஸிலுள்ள ‘ஹைப்பர்-வி’யில், நிர்வாக உரிமையின்றிக் கட்டளையிட்டால் வெறும் விடையே கிடைக்கலாம். ‘பிராக்ஸ்மாக்ஸ்’ என்பதில் யந்திரக் குறிப்புகள் யாவும் ஒரு சிறு தரவுத்தளத்திலிருந்து கோப்புறைபோல் விரித்துக் காட்டப்படுகின்றன, அந்தச் சேவை நின்றுவிட்டால் கோப்புறை காலியாகத் தெரியும், யந்திரங்களோ ஓடிக்கொண்டேயிருக்கும்.

திரையும் தரவுத்தளமும்

மூலக் கணக்கிலும் பட்டியல் தோன்றவில்லையெனில் அடுத்த அடுக்குக்குச் செல்லலாம். சிறியவற்றை முதலில் கழித்துவிடல் நன்று: பட்டியலின் மூலையிலுள்ள தேடற் கட்டத்தில் பழைய சொல் ஏதேனும் நிற்கிறதா, உலாவியின் பழைய நினைவு காட்டப்படுகிறதா என்பன போன்றவை. மாதிரி யந்திரங்கள், ஹோஸ்டுகளை வரிசைப்படுத்தும் மரத்தில் தோன்றா; அவற்றுக்குத் தனிப் பார்வை உண்டு.

விசென்டருக்குள் பல சேவைகள் கூட்டாக இயங்குகின்றன. அவற்றுள் ‘விபிஎக்ஸ்டி’ என்பது தலைமைச் சேவை. திரையைக் காட்டுவது வேறொரு சேவை. திரைச்சேவை மட்டும் ஓடித் தலைமைச்சேவை நின்றிருந்தால், வாயில் திறந்திருந்தும் வீட்டில் ஆளில்லாத நிலை ஏற்படும். 5480 என்ற எண்ணுள்ள வாயில் வழியாக விசென்டரின் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்தால், எவை ஓடுகின்றன, எவை நின்றன என்று காணலாம். நின்றதைத் தொடங்குமுன் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பதிவுக் குறிப்புகள் பெருகி வட்டு நிறைந்ததே பல சமயம் காரணமாக இருக்கும்; இடம் செய்யாமல் சேவையை எத்தனை முறை தொடங்கினாலும் அது மறுபடி நிற்கும்.

இரண்டு அல்லது மூன்று விசென்டர்கள் ஒரே நுழைவு முறையால் பிணைக்கப்பட்டிருந்தால், ஒன்று நின்றவுடன் அதற்குரிய பகுதி முழுதும் திரையிலிருந்து மறைந்து, ஏனைய பகுதி வழக்கம்போல் தோன்றும். மேற்புறத்தில் சிறு எச்சரிக்கை வரி ஒன்று வரும். அதனைப் படியாமல் மூடிவிடுவோரே அதிகம்.

கடிகாரத்தையும் மறத்தலாகாது. நீண்ட மின்தடைக்குப்பின் எழும் பழைய சர்வர்களில், உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நுழைவுச் சீட்டுகள் யாவும் காலத்தை நம்பியே செல்லுபடியாகின்றன. ஆக்டிவ் டைரக்டரியின் வழக்கமான விதிப்படி ஐந்து நிமிஷத்துக்கு மேற்பட்ட வேற்றுமையையே அது பொறுக்காது.

ஹோஸ்டும் கிடங்கும்

விசென்டர் நலமாக இருந்து, சில யந்திரங்கள் மட்டும் மங்கிய எழுத்தில் ‘தொடர்பற்றது’ என்று தோன்றினால், ஹோஸ்டுக்கும் விசென்டருக்கும் இடையில் குறை உள்ளது. ஹோஸ்டு பத்து விநாடிக்கு ஒருமுறை ‘நலமாயிருக்கிறேன்’ என்ற குறிப்பை 902 என்ற எண்ணுள்ள வாயில் வழியாக அனுப்புகிறது. அறுபது விநாடி வரையில் ஒன்றும் வராவிட்டால், ‘பதிலில்லை’ என்று விசென்டர் குறித்துவிடும். புதிதாக இணைத்த ஹோஸ்டு ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் தொடர்பிழப்பதும், மீண்டும் இணைத்தால் மீண்டும் அவ்வாறே ஆவதும், நடுவிலுள்ள பாதுகாப்புச் சுவர் அவ்வாயிலை அடைத்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

ஹோஸ்டின் முகவரிக்கே நேராகச் சென்று அதன் சொந்தப் பட்டியலைப் பார்ப்பதே இங்குத் தீர்ப்புக் கூறும் சோதனை. அங்கே யந்திரங்கள் இருந்தால் ஹோஸ்டிலுள்ள இரண்டு நிர்வாக முகவர் சேவைகளை மறுபடி தொடங்குவது பெரும்பாலும் போதும். அதனால் ஓடும் யந்திரங்கள் நிற்பதில்லை. விசென்டர் குறிப்பில் இருந்தும் எந்த ஹோஸ்டிலும் இல்லாத யந்திரத்துக்கு ‘அநாதை’ என்ற குறிப்பு இடப்படும். யாரோ ஹோஸ்டில் நேராக நுழைந்து பதிவை நீக்கியிருக்கலாம். கிடங்கில் கோப்புறை நலமாக இருக்குமாயின், விஎம்எக்ஸ் கோப்பைத் தேர்ந்து மறுபடி பதிந்தால் யந்திரம் திரும்பிவிடும். அவ்வாறு பதிந்து முதன்முறை தொடங்கும்போது, “இதனை இடம் மாற்றினீரா, நகலெடுத்தீரா?” என்ற கேள்வி வரலாம். நகல் என்று விடையளித்தால் யந்திரத்தின் அடையாள எண்ணும் வலை அட்டையின் முகவரியும் மாறிவிடும். அவற்றை நம்பியிருந்த உரிமச் சீட்டுகளும் ஒதுக்கிய முகவரிகளும் கெடும். அதே யந்திரந்தான் என்றால் ‘இடமாற்றம்’ என்பதே சரியான விடை.

மிக்க ஆபத்து கிடங்கில் இருக்கிறது. மின்சாரம் திரும்பியவுடன் ஹோஸ்டுகள் விரைவில் எழுந்துவிடும்; வட்டுகள் அடங்கிய சேமிப்புப் பெட்டி மெதுவாக எழும். அந்த இடைவேளையில் யந்திரங்கள் பெயரை இழந்து, நீண்ட கோப்புப் பாதையே பெயராக, ‘அணுக முடியாதது’ என்று தோன்றும். சேமிப்புப் பெட்டி எழுந்தபின் ஒருமுறை தேடச் செய்தால் பெரும்பாலும் குணமாகும். சில சமயங்களில் ஹோஸ்டு தன் பழைய கிடங்கையே வேறொன்றின் நகல் எனச் சந்தேகித்து ஏற்காமலிருக்கும். அப்பொழுது புதுக் கிடங்கு சேர்க்கும் பக்கத்துக்குச் சென்றால் மூன்று வழிகள் காட்டப்படும்: பழைய கையொப்பத்துடன் ஏற்பது, புதுக் கையொப்பமிடுவது, வட்டை வடிவமைப்பது. மூன்றாவதைத் தேர்ந்தால் பதினான்கு யந்திரங்களும் மெய்யாகவே அழிந்துவிடும். அதுவரையில் எதுவுமே அழியவில்லை என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும்.

யந்திரத்தின்மேல் வலப்புறச் சொடுக்கினால் தோன்றும் கட்டளைகளுள் ‘பட்டியலிலிருந்து நீக்கு’ என்பதும் ‘வட்டிலிருந்து அழி’ என்பதும் இருக்கின்றன. முன்னதைத் திருத்தலாம், பின்னதைத் திருத்த முடியாது. ஹோஸ்டையே நீக்கி மறுபடி சேர்ப்பதும் தீங்கற்றதன்று. யந்திரங்கள் திரும்பிவரும், ஆனால் அவற்றின் அனுமதிகளும், உறை வரிசைகளும், பழைய இயக்கக் கணக்குகளும் திரும்பா. விசென்டர் அவற்றுக்குப் புதிய உள்ளெண் இடுவதால், காப்பு நகல் எடுக்கும் மென்பொருள் அவற்றை முன்பின் அறியாத யந்திரங்களாகவே கருதும். அன்றிரவு காப்பு நகல் எடுக்கப்படாமலே போகலாம். அதனை எவரும் மறுநாள் வரை கவனியார்.

மேற்கூறிய காரியாலயத்தில், மூலக் கணக்கில் நுழைந்ததும் மூன்று சர்வர்களும் பதினான்கு யந்திரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. குழுவின் புதிய பெயருக்குப் பழைய அதிகாரத்தை எழுதி, கீழுள்ளவற்றுக்கும் பரவும்படி குறித்தவுடன் சிப்பந்தியின் திரையும் நிறைந்தது. சம்பளக் கணக்கு அன்று மாலையே கருவூலத்துக்குச் சென்றது.

இத்தகைய காரியாலயங்களில் ஒரு காகிதப் பட்டியலும் இருத்தல் வேண்டும். யந்திரத்தின் பெயர், அதன் முகவரி, எந்த ஹோஸ்டு, எந்தக் கிடங்கில் எந்தக் கோப்புறை என்ற நான்கு பத்திகள் போதும். மாதம் ஒருமுறை அச்சிட்டுத் தேதியிட்டுச் சர்வர் அலமாரியின் கதவில் ஒட்டலாம். விசென்டரும் பல இடங்களில் ஒரு மெய்நிகர் யந்திரமாகவே, தான் ஆளும் ஹோஸ்டுகளில் ஒன்றில் குடியிருக்கிறது. அது நின்ற நாளில், அது எங்கே இருக்கிறது என்று அதனிடமே கேட்க முடியாது. ஹோஸ்டு ஹோஸ்டாக நுழைந்து தேட நேரும். ஆதலால் காகிதத்தின் முதல் வரியில் எழுதவேண்டியது விசென்டரின் பெயரும் அது குடியிருக்கும் ஹோஸ்டின் பெயருமே.